பெட்ரோல் முள் சொன்ன பொய்
திருட்டுப் பழியிலிருந்து ஒரு பையனைக் காப்பாற்றிய மூங்கில் குச்சி

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது பெட்ரோல் முள் முக்கால் டாங்கில் நின்றது. மறுநாள் காலையில் வந்து சாவியைத் திருப்பினால், முள் காலியில் கிடக்கிறது. ஒரே இரவில் பெட்ரோல் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்குப் பலருக்கும் ஒரே பதில்தான் தோன்றும். "யாரோ எடுத்துவிட்டான்!" அந்த 'யாரோ' பெரும்பாலும் யார்? பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, இரவில் ஒர்க்‌ஷாப்பிலேயே படுத்துக் கிடக்கும் பையன்தான்.

1988-ஆம் ஆண்டு, புனே நகரை அடுத்த கட்கியில் நான் நேரில் பார்த்த சம்பவம் இது. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் ஸ்கூட்டரைப் பழுது பார்க்க, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவரின் சிறிய ஒர்க்‌ஷாப்புக்குப் போவது வழக்கம். எல்லோரும் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைப்போம். அவரிடம் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் வேலை பார்த்தான். வயது பதினெட்டு இருக்கும். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அன்று காலை ஒர்க்‌ஷாப் வாசலில் கூட்டம். நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய திறந்த கார். இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். அதன் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர், உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். முதல் நாள் மாலை சைலன்சர் வேலைக்காக வண்டியை விட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதில் 'சோர்' என்ற ஒரு சொல் எல்லோருக்கும் புரிந்தது. பையன் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். போலீசுக்குச் சொல்லிவிடுவேன் என்றார் அவர்.

அண்ணாச்சி பதில் பேசவில்லை. உள்ளே போய், நன்றாகக் காய்ந்த ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வந்தார்.

குச்சி சொன்ன சாட்சி

ஸ்பிட்ஃபயர் காரில் பெட்ரோல் ஊற்றும் மூடி வண்டியின் பின்பக்கம் நடுவில், டாங்குக்கு நேர் மேலே இருக்கும். அண்ணாச்சி மூடியைத் திறந்தார். குச்சியைத் துணியால் துடைத்து, அடி தட்டும்வரை மெதுவாக உள்ளே விட்டு எடுத்தார். குச்சியில் பாதிக்கும் மேல் ஈரம்!

"சாகேப், இது காலி டாங்கா?" என்று கேட்டார்.

சொந்தக்காரர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பேசாமல் நின்றார்.

"அண்ணாச்சி, அப்படியானால் முள் பொய் சொல்கிறதா?" என்று கேட்டேன் நான்.

"முள் பொய் சொல்லாது தம்பி. அது காதில் விழுந்ததைச் சொல்லுது. அதுக்குச் சொல்லி அனுப்புறவன் எங்கேயோ தடுமாறுறான். அவன் யாருன்னு பார்ப்போம்" என்றார் அவர்.

அந்தத் தடுமாற்றம் எங்கே என்று அவர் கண்டுபிடித்த விதம், கார் வைத்திருப்பவர்களுக்கும் கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் இன்றும் பயன்படும். அதைச் சொல்லும் முன், பெட்ரோல் மீட்டரின் கதையைச் சிறிது பார்ப்போம்.

மீட்டர் இல்லாத காலம்

பெட்ரோல் மீட்டர் இல்லாமலே உலகம் வெகுகாலம் வண்டி ஓட்டியது. 1908-ல் வந்த புகழ்பெற்ற ஃபோர்டு 'மாடல் டி' காரில் டாங்க் முன் இருக்கையின் அடியில் இருந்தது. பெட்ரோல் எவ்வளவு என்று தெரிய, இருக்கையைத் தூக்கிவிட்டுக் குச்சியை விட்டுத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 'எம்.ஜி. டி.சி.' என்ற ஸ்போர்ட்ஸ் காரில்கூட மீட்டர் கிடையாது. பெட்ரோல் குறைந்தால் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

நம் புனேயின் ஆகுர்டியில் தயாரான பஜாஜ் சேதக் ஸ்கூட்டரை யார் மறக்க முடியும்? 1972-ல் வந்த அந்த வண்டியில் 'ரிசர்வ்' குழாய்தான் மீட்டர். வண்டி திக்கித் திணறினால், இருக்கைக்குக் கீழே உள்ள பிடியைத் திருப்பு, பங்க்கைத் தேடு! அதில் பொய்க்கு இடமே இல்லை.

அன்று கட்கியில் நின்ற சிவப்புக் காருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற கார் வந்தது. அதைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்ததைப் பழைய சென்னைவாசிகள் அறிவார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி 1962-ல் செய்யப்பட்டதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் தந்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலோட்டி. ஆக, சென்னை ஹெரால்டுக்கு இது தம்பி முறை. ஹெரால்டில் கை பழகிய மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயர் புதிதல்ல. அண்ணாச்சிக்கு அந்த வண்டி பிடிபட்டதும் இதனால்தான்.

முள் எப்படி நகர்கிறது?

பெட்ரோல் மீட்டர் என்பது தனி ஒரு பொருள் அல்ல. நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை அது.

முதலாவது, டாங்கினுள் இருக்கும் மிதவை. மெக்கானிக்குகள் 'ஃப்ளோட்' என்பார்கள். பெட்ரோலின் மேல் மிதந்து, மட்டம் ஏற ஏற ஏறும், இறங்க இறங்க இறங்கும். அதன் கைப்பிடி ஒரு சுருள் கம்பியின் மீது உரசிக்கொண்டு நகரும். இந்த அமைப்பு முழுவதற்கும் 'டாங்க் யூனிட்' என்று பெயர்.

இரண்டாவது, டாங்க் யூனிட்டிலிருந்து முன்பக்கம் வரும் ஒயர்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் மீட்டர். ஸ்பிட்ஃபயர் போன்ற ஆங்கிலேயக் கார்களில் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து வந்த மீட்டரில், இரு வேறு உலோகங்களை ஒட்டிய ஒரு சிறு தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் தகடு சூடாகி வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். தானாகவே அணையும் இஸ்திரிப் பெட்டியில் உள்ள தகடும் இதே தத்துவம்தான். தகடு சூடேற நேரம் பிடிப்பதால் முள் மெதுவாகத்தான் ஏறும்.

இதற்குத் துணையாக ஒரு சிறிய 'ஸ்டெபிலைசர்' உண்டு. வீட்டில் ஃபிரிஜ்ஜுக்கு வைக்கிறோமே, அதைப் போல. பேட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்வரைகூடப் போகும். இந்த ஏற்ற இறக்கம் முள்ளைப் பாதிக்காமல், சராசரியாக 10 வோல்ட் மட்டும் அனுப்புவது ஸ்டெபிலைசரின் வேலை.

நான்காவது ஆளைத்தான் யாரும் நினைப்பதில்லை. அதுதான் 'எர்த்'. மீட்டரிலிருந்து ஒயர் வழியாக டாங்க் யூனிட்டுக்கு வரும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதற்குத் தனி ஒயர் பல வண்டிகளில் கிடையாது. டாங்கின் தகடு, அதைப் பிடிக்கும் போல்ட், வண்டியின் உடம்பு, இவைதான் திரும்பும் பாதை. அங்கே துரு ஏறினால், பெயிண்ட் படிந்தால், போல்ட் தளர்ந்தால் பாதை அடைபடும். மற்ற மூவரும் ஒழுங்காக இருந்தும் முள் தாறுமாறாகப் பேசும்.

அண்ணாச்சி செய்த சோதனை

சொந்தக்காரர் அதற்குள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். சில வாரங்களாகவே முள் ஒருநாள் ஏறியும் ஒருநாள் இறங்கியும் இருந்ததாம். வேறோர் இடத்தில் காட்டியதில் மீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லி, அதையே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பணம் போனதே தவிர நோய் போகவில்லை.

அண்ணாச்சி முதலில் இன்னொரு முள்ளைப் பார்த்தார். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் அதே ஸ்டெபிலைசரிடமிருந்துதான் மின்சாரம் பெறுகிறது. இரண்டு முட்களும் சேர்ந்து அளவுக்கு மீறி ஏறினாலோ, இரண்டும் சேர்ந்து விழுந்துவிட்டாலோ ஸ்டெபிலைசர் மீது சந்தேகப்படலாம். இங்கே சூட்டு முள் ஒழுங்காக இருந்தது. ஆகவே ஸ்டெபிலைசர் நிரபராதி.

அடுத்து டாங்க் யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றினார். சாவி அணைந்திருக்கும்போதே அந்த ஒயரை, டாங்கிலிருந்து தள்ளி, வண்டியின் உடம்பில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்தில் கிளிப் போட்டு இணைத்தார். பிறகு பழி சுமந்த பையனையே கூப்பிட்டு, "லே, நீ போய்ச் சாவியைத் திருப்பு" என்றார்.

பையன் திருப்பினான். காலியில் கிடந்த முள் மெல்ல எழுந்து 'முழு டாங்க்' பக்கம் போயிற்று. "அணைச்சிரு" என்றார். அதற்குமேல் விட்டுவைத்தால் மீட்டர் கெட்டுவிடும். மீட்டரும் சரி, ஒயரும் சரி என்று தெரிந்துவிட்டது. மாற்றியிருக்க வேண்டாத மீட்டரைத்தான் மாற்றியிருக்கிறார்கள்!

மூன்றாவதாக, ஒயரைப் பழையபடி டாங்க் யூனிட்டில் மாட்டினார். தனியாக ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை டாங்க் யூனிட்டின் விளிம்பிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் இணைத்தார். மறுபடியும் சாவி.

எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவசரப்படவில்லை. கால்... அரை... முக்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. குச்சியின் ஈரமும் முள்ளும் ஒரே கதையைச் சொல்லின.

காரணமும் வெளிப்பட்டது. சில மாதங்களுக்கு முன் டாங்கைக் கழற்றிப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். போல்ட் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் கனமாகப் படிந்துவிட்டது. ஏதோ ஒரு போல்ட் முனை தகட்டைத் தொட்டபோது முள் வேலை செய்தது. விட்டபோது விழுந்தது. முதல் நாள் சைலன்சரைக் கழற்றித் தட்டியதில் அந்தக் கொஞ்ச நஞ்சத் தொடர்பும் விட்டுப்போயிற்று.

அண்ணாச்சி போல்ட் இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார். நிரந்தரமாக ஒரு எர்த் ஒயரும் போட்டார். ஒரு முழம்கூட இல்லாத ஒயர்தான் மொத்தச் செலவு.

சொந்தக்காரர் பையனிடம் போனார். அவன் தோளில் கை வைத்து, "சாரி பேட்டா" என்றார். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார். பையன் வாங்கவில்லை. அண்ணாச்சியும் வாங்கச் சொல்லவில்லை.

பல நோய்கள், பல அடையாளங்கள்

எல்லா வண்டியிலும் எர்த்தான் குற்றவாளி என்று சொல்வதற்கில்லை. அடையாளம் பார்த்து நோயை அறிய வேண்டும்.

முள் எப்போதும் ஒரே இடத்தில் வந்ததும் துள்ளினால், டாங்க் யூனிட்டின் சுருள் கம்பி அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எப்போதும் கால் டாங்குக்கும் அரை டாங்குக்கும் இடையிலேயே ஓட்டுகிறவர்களின் வண்டியில் அந்தப் பகுதிதான் முதலில் தேயும்.

நிறையப் பெட்ரோல் ஊற்றியும் முள் எழாவிட்டால் மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். பழைய பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கும். அடுப்பிலிருந்து வெகுதூரத்தில், வெந்நீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும்.

முள் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் மிதவையின் கை துருப்பிடித்தோ வளைந்தோ சிக்கியிருக்கலாம்.

இன்னொரு முக்கியமான செய்தி. 1960-களின் நடுப்பகுதிக்கு முந்திய பல ஆங்கிலேயக் கார்களில் மீட்டர் வேறு வகை. தகட்டுக்குப் பதில் இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை இரு பக்கமும் இழுக்கும். அதில் எல்லாம் தலைகீழ். ஒயரைக் கழற்றினால் முள் 'முழு'வுக்குப் போகும். உடம்பில் தொட்டால் 'காலி'க்கு வரும். எர்த் கெட்டால் டாங்க் நிறைய இருப்பதாகக் காட்டும்! முன்னதைவிட ஆபத்தானது இதுதான். முள்ளை நம்பிக் கம்பாட்கி காட் ஏறி, இருட்டில் லாரிகளுக்கு நடுவே நிற்க நேரிடும். இந்த வகை மீட்டரில் முள் வேகமாக ஆடும். வளைவில் பெட்ரோல் அலம்பும்போது ஆடுவது சகஜம், அது நோய் அல்ல. தகடு வகையில் முள் அடிக்கடி ஏறி இறங்கினால் எங்கோ இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது என்று பொருள்.

ஆகவே முறை இதுதான்: முதலில் குச்சி. பிறகு எர்த். பிறகு ஒயர் முனைகள். பிறகு டாங்க் யூனிட். கடைசியாகத்தான் மீட்டர். செலவில்லாததை முதலில் பாருங்கள். நானா பேட் கடைகளுக்கோ, புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாருக்கோ பழைய மீட்டர் தேடி ஓடுவது கடைசி வேலை.

உயிர் முக்கியம்

பெட்ரோல் டாங்கில் கை வைக்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பிடிக்கக்கூடியது. அது காற்றைவிடக் கனமானது. ஒர்க்‌ஷாப் பள்ளத்தில் இறங்கித் தங்கி நிற்கும். முழு டாங்கைவிடக் காலி டாங்க் ஆபத்து. அதில் இருப்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை.

டாங்க் யூனிட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சிகரெட், ஸ்டவ், சாதாரணக் கை விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். டாங்கின் வாயருகே ஒயரை உரசிப் பொறி பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. சாவி அணைந்திருக்கும்போதே இணைத்துவிட்டு, பிறகு சாவியைத் திருப்புவதே முறை. பெட்ரோல் இருந்த டாங்கை முறைப்படி சுத்தம் செய்யாமல் யார் சொன்னாலும் வெல்டிங் வைக்காதீர்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

பழைய வண்டிக்காரர்களுக்கு இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கக்கூடும். ஆகவே டாங்க் யூனிட்டைக் கழற்றிப் பூட்டும்போது பழைய வாஷரையே திரும்பப் போடாமல், இந்தப் பெட்ரோலைத் தாங்கும் புதிய வாஷரைப் போடுவது நல்லது.

வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அண்ணாச்சி ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். மூங்கில் குச்சி ஒர்க்‌ஷாப் சுவரில் ஆணியில் தொங்கியது. கார் எது வந்தாலும், சொந்தக்காரர் முன்னிலையிலேயே குச்சியை விட்டுப் பார்ப்பார். ஈர அளவையும் கிலோமீட்டர் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். "இது என்ன கோர்ட்டா?" என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் அதன்பின் அந்த ஒர்க்‌ஷாப்பில் 'சோர்' என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

இன்றைய கார்களில் டாங்கின் வாய்க்குழாய் வளைந்து போவதால் குச்சி நுழையாது. பெட்ரோல் பம்ப்பும் டாங்க் யூனிட்டும் பெரும்பாலும் டாங்கினுள் ஒன்றாகவே இருக்கின்றன. முள்ளை ஆட்டுவது சிறிய கம்ப்யூட்டர். மேடு பள்ளமான இடத்தில் நிறுத்தினால் அதுவும் தவறாகக் காட்டுவதுண்டு. ஆனால் கணக்குக்கு வளைவு கிடையாது.

பிறர் வண்டியை ஓட்டும் நண்பர்கள் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டதும் கிலோமீட்டரை எழுதுங்கள். அடுத்த முறை நிறையப் போடும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். பங்க் ரசீதையும் அதிலேயே ஒட்டுங்கள். லிட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு மாதா மாதம் ஒத்து வந்தால், முள் எங்கே நின்றாலும் உங்களை ஒருவர் கை நீட்டிப் பேச முடியாது.

கார் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு முழம் ஒயரில் தீரும் கோளாறுக்காக ஒருவனின் நல்ல பெயரைப் பறித்துவிடாதீர்கள். மீட்டரை மாற்றலாம். ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த நல்ல பெயர் ஒன்றுதான் முதல். யாரையும் திருடன் என்று சொல்லும் முன், ஒருமுறை குச்சியை விட்டுப் பாருங்கள்.